அந்த பச்சை வயரை அப்படியே விடுங்கய்யா!

கார்ல பழைய செட்டைக் கழட்டிட்டு புதுசா ஆண்ட்ராய்ட் செட் போடப் போறவங்க கடைக்காரர்கிட்ட கேக்குற மூணு கேள்வி என்ன தெரியுமா? ஒண்ணு, "எத்தனை இன்ச்?". ரெண்டு, "ரிவர்ஸ் கேமரா சேர்த்தா, தனியா?". மூணாவதுதான் முக்கியம்: "வண்டி ஓடும்போது படம் ஓடுமா?"

கடைக்காரரும் சிரிச்சுக்கிட்டே, "அதெல்லாம் ஓட விட்டுரலாம் சார்"னு சொல்லுவார். சென்னை ஜி.பி. ரோடு ஆகட்டும், உங்க ஊர் பைபாஸ் ஓரத்துல இருக்குற சின்ன ஆக்சஸரீஸ் கடை ஆகட்டும், பதில் ஒண்ணுதான். சில கடைல நாம கேக்காமலே பண்ணிக் குடுத்துடுறாங்க. மீல்ஸுக்கு அப்பளம் மாதிரி!

இந்தப் பதிவு அந்த மூணாவது கேள்வியைப் பத்தித்தான்.

முதல்ல விஷயம் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். திரை வச்ச செட் எதை வாங்கினாலும் பின்னாடி ஒரு கொத்து வயர் வரும். அதுல ஒண்ணு பார்க்கிங் பிரேக் வயர். பல பிராண்டுகள்ல அது இளம்பச்சை, சிலதுல பழுப்பு. ஹேண்ட்பிரேக் லீவருக்கு அடியில ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். லீவரைத் தூக்கினா அந்த ஸ்விட்ச் எர்த் ஆகும். டேஷ்போர்டுல சிவப்பு லைட் எரியறது அதனாலதான். இந்தப் பச்சை வயரை அந்த ஸ்விட்சோட சேர்த்துட்டா, ஹேண்ட்பிரேக் போட்டிருக்கா இல்லையான்னு செட்டுக்குத் தெரிஞ்சுரும். போட்டிருந்தா படம் வரும். எடுத்துட்டா படம் நின்னு சத்தம் மட்டும் வரும். அவ்வளவுதான் டெக்னாலஜி.

கடைல என்ன பண்றாங்க? அந்த வயரை ஸ்விட்ச் வரைக்கும் கொண்டு போறதே இல்ல. கார் பாடியிலயோ, செட்டோட எர்த் வயர்லயோ சேர்த்து முறுக்கி டேப் சுத்திடுறாங்க. இனிமே செட்டைப் பொறுத்தவரைக்கும் உங்க கார் என்னைக்கும் ஹேண்ட்பிரேக் போட்டுத்தான் நிக்குது. நீங்க திண்டிவனம் தாண்டி நூறுல போனாலும் சரி!

இதுல ஒரு சோம்பேறித்தனமும் இருக்கு. ஒழுங்கா பண்ணணும்னா நடு கன்சோலைத் திறந்து லீவர் வரைக்கும் வயர் இழுக்கணும். அது மெனக்கெட்ட வேலை. எர்த் பண்ணிட்டா அரை நிமிஷம். சில ஆண்ட்ராய்ட் செட்டுகள்ல அந்த அரை நிமிஷமும் வேணாம், செட்டிங்ஸ்ல ஒரு டிக் எடுத்துவிட்டா போதும். கார் கூடவே வந்த ஒரிஜினல் செட் வச்சிருக்கவங்களுக்கு யூ.எஸ்.பி. ஓட்டைல சொருகுற டப்பா விக்குது. அதைச் சொருகினா யூடியூப் முதற்கொண்டு எல்லாம் ஓடும். பூட்டு போட்டவன் ஒருத்தன்னா கள்ளச்சாவி போடுறவன் நூறு பேர்.

சரி, அப்படி ஓடினா என்ன குடி முழுகிப்போச்சு? கணக்குப் போட்டே பாத்துருவோம்.

80 கிலோமீட்டர் வேகத்துல கார் ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் போகும். ரெண்டே ரெண்டு செகண்ட் திரையைப் பாத்தீங்கன்னா 44 மீட்டர். நாலு ஆம்னி பஸ்ஸை வரிசையா நிறுத்துன நீளத்துக்குக் கொஞ்சம் கம்மி. அவ்வளவு தூரம் கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்டுறீங்க. 100ல போனா 55 மீட்டர். இந்த ரெண்டு செகண்ட் கணக்கு நானா பிடிச்சது இல்ல. அமெரிக்காவோட சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013ல கார் கம்பெனிகளுக்கு ஒரு வழிகாட்டி போட்டுச்சு. கார்ல நீங்க வைக்கிற எந்த வசதியா இருந்தாலும் ஒரு தடவை பாக்குறதுக்கு டிரைவர் ரெண்டு செகண்டுக்கு மேல ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்குற மாதிரி இருக்கக் கூடாதுன்னு அதுல இருக்கு. ஓடும்போது டிரைவர் கண்ணுல படுற மாதிரி வீடியோ வேண்டவே வேண்டாம்னும் அதுலயே சொல்லியிருக்கு.

உடனே ஒருத்தர் வருவார். "ஏங்க, மேப்பும் அதே திரைலதான் ஓடுது, ரிவர்ஸ் கேமராவும் அதே திரைதான். அது மட்டும் யோக்கியமா?"

நல்ல கேள்வி. மேப் நமக்காகக் காத்திருக்கும். நாம சிக்னல்ல நிக்கும்போது பாக்கலாம், ரோடு காலியா இருக்கும்போது ஒரு ஓரப்பார்வை பாக்கலாம். அது காட்டுறதே ரோட்டைப் பத்தித்தான். சினிமா அப்படியா? ஒரு டைரக்டர், ஒரு கேமராமேன், ஒரு எடிட்டர் எல்லாம் சேர்ந்து ராப்பகலா உழைச்சதே நம்ம கண்ணு திரையை விட்டு நகரக் கூடாதுன்னுதான். ஓரக்கண்ணுல எது அசைஞ்சாலும் பார்வை தானா அங்க போகும், அது மனுஷ சுபாவம். நீங்க அந்தப் பக்கம் பாக்கக் கூடாதுன்னு நினைச்சாலும் கண்ணு கேக்காது.

அடுத்து, "நான் பாக்க மாட்டேன், கேக்கத்தான் செய்வேன்" கோஷ்டி. இவங்கதான் மெஜாரிட்டி. போன வருஷம் ஒரு கால் டாக்ஸில தாம்பரத்துல இருந்து விழுப்புரம் போயிட்டிருந்தேன். செங்கல்பட்டு தாண்டினதும் டிரைவர் அண்ணன் திரையில காமெடி சீன் தொகுப்பு ஒண்ணைப் போட்டுட்டார். "அண்ணே, படத்தைக் கொஞ்சம் நிறுத்திடுறீங்களா?"ன்னேன். "பழகிடுச்சு சார். நான் எங்க பாக்குறேன், காதுல கேட்டுக்கிட்டே ஓட்டுவேன். இல்லன்னா தூக்கம் வந்துரும்"னார். "அப்ப திரையை மட்டும் அணைச்சுட்டு சத்தத்தை விட்டுடுங்கண்ணே, ரெண்டு பேரும் கேப்போம்"னேன். ஒரு நிமிஷம் யோசிச்சார், அணைச்சுட்டார். பத்து நிமிஷம் போயிருக்கும். "என்ன சார், மூஞ்சியப் பாக்காம ஒண்ணும் சிரிப்பே வரல"ன்னு சொல்லி இளையராஜா பாட்டுக்கு மாத்திட்டார்.

பாயிண்ட் அங்கதான் இருக்கு. வடிவேலு குரல் கேக்குதுன்னா அந்த முகம் என்ன பண்ணுதுன்னு பாக்காம இருக்க யாரால முடியும்? கேக்கத்தான் செய்யறோம்னா திரை எதுக்கு? பாட்டு இருக்கு, எஃப்.எம். இருக்கு, இப்ப ஒலிப்புத்தகம் கூட வந்துருச்சு. அதெல்லாம் காதுக்குன்னே செஞ்சது. பெரும்பாலான செட்டுகள்ல சத்தத்தை விட்டுட்டு திரையை மட்டும் அணைக்கிற பட்டன் இருக்கு. இந்த கோஷ்டி அதை அமுக்கி நான் பாத்ததே இல்ல :-)

தூக்கம் வருதுன்னு அவர் சொன்னதை நான் குறைச்சுப் பேச மாட்டேன். நாள் முழுக்க ஸ்டீரிங் பிடிக்கிறவர் பொழப்பு அப்படி. ஆனா தூக்கத்துக்கு மருந்து ஓரமா நிறுத்தி ஒரு டீ, முகத்துல தண்ணி, முடியலன்னா அரை மணி நேரம் சீட்டைச் சாச்சு ஒரு தூக்கம். படம் மருந்து இல்ல.

இது நம்ம ஊர் வியாதி மட்டும்னு நினைச்சுக்காதீங்க. அமெரிக்காவுல அலாஸ்கா மாகாணத்துல 2002ல ஒரு பிக்கப் வண்டி எதிர்ப்பக்கம் போய் இன்னொரு வண்டில மோதி ஒரு தம்பதி செத்துப்போனாங்க. பிக்கப்ல டேஷ்போர்டுல டிவிடி பிளேயர் இருந்துச்சு. படம் பாத்துக்கிட்டே ஓட்டினார்னு அரசுத் தரப்பு கொலைக் கேஸே போட்டுச்சு. படம் ஓடல, பாட்டுதான் கேட்டேன்னு அவர் சொன்னார். 2004ல ஜூரி அவரை விடுதலை பண்ணிடுச்சு. அவர் சொன்னதுதான் உண்மைன்னே வச்சுக்குவோம். ஆனா டிரைவர் கண்ணுக்கு எதிர்ல படம் ஓடுற திரை இருந்ததாலதான் அந்தக் கேள்வியே வந்துச்சு. நாளைக்கு உங்க மேல ஒருத்தன் வந்து மோதினாலும், தப்பே உங்களுது இல்லன்னாலும், போலீஸ்காரர் முதல்ல பாக்குறது அந்தத் திரையையும் எர்த் பண்ண வயரையும்தான்.

டெஸ்லா கதை இன்னும் சுவாரசியம். வண்டி ஓடும்போதே நடுத் திரையில கேம் விளையாட விட்டாங்க. "நான் பயணிதான்"னு ஒரு பட்டனை அமுக்கினா போதும்! 2021 டிசம்பர்ல அந்த அமெரிக்க அமைப்பு சுமார் 5,80,000 கார்களைச் சேர்த்து விசாரணை ஆரம்பிச்சது. உடனே, ஓடும்போது கேமைப் பூட்டிடுறோம்னு கம்பெனி ஒத்துக்கிச்சு.

பக்கத்து சீட்காரங்க படம் பாக்கணும்னா அதுக்குக் கார் கம்பெனிக்காரன் என்ன பாடு படுறான் பாருங்க. 2009ல மெர்சிடிஸ் எஸ் கிளாஸ்ல ஒரு திரை வந்துச்சு. ஒரே திரைதான், டிரைவர் பக்கம் இருந்து பாத்தா மேப் தெரியும், பக்கத்து சீட்ல இருந்து பாத்தா படம் தெரியும். அதுக்கப்புறம் அதே கம்பெனி பயணிக்குத் தனித் திரையே வச்சுது. டிரைவர் எட்டிப் பாக்குறாரான்னு ஒரு கேமரா கவனிச்சுக்கிட்டே இருக்கும், பாத்தா படம் மங்கிடும். கோடிக்கணக்குல செலவு பண்ணி அவன் டிரைவர் கண்ணுல இருந்து படத்தை மறைக்கிறான். நாம ஒரு முழம் வயரும் ரெண்டு இன்ச் டேப்பும் வச்சு அதைத் திரும்ப டிரைவர் மூஞ்சிக்கு நேரா கொண்டு வர்றோம். பெருமை வேற!

அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம வீடியோ கோச் பஸ்ஸை நினைச்சுப் பாருங்க. ராத்திரி பூரா ரெண்டு படம் ஓடும். டிவி எங்க இருக்கும்? டிரைவர் முதுகுக்குப் பின்னாடி, பயணிகளைப் பாத்து. படம் நமக்கு, ரோடு அவருக்கு. எந்த வழிகாட்டியும் இல்லாத காலத்துலயே நம்ம பஸ் முதலாளிகளுக்கு இது தெரிஞ்சிருந்துது. சொந்தக் கார்னு வந்ததும் மறந்துட்டோம்.

சட்டம் என்ன சொல்லுது? இந்தியாவுல 2017ல வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள்ல, வழி பாக்குறதுக்குத் தவிர ஓட்டும்போது டிரைவர் வீடியோ பாக்கக் கூடாதுன்னு இருக்கு. 2019ல திருத்தின சட்டப்படி ஆபத்தா ஓட்டினா முதல் தடவைக்கு 1,000ல இருந்து 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் ஜெயில், இல்ல ரெண்டும். கைல போன் வச்சிருந்தா சிக்னல்ல நிக்கிற கான்ஸ்டபிளுக்குத் தெரியும். டேஷ்போர்டுல ஓடுற படம் வெளிய தெரியாது. அதனால மாட்ட மாட்டோம்னு ஒரு தைரியம். ஆனா நம்ம கேள்வி மாட்டுறதைப் பத்தியா?

2022ல மட்டும் இந்தியாவுல சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். அந்த வருஷம் விபத்து எண்ணிக்கைல நாட்டுலயே முதல் இடம் தமிழ்நாடு. நம்ம ரோட்டைப் பத்தி உங்களுக்கே தெரியும். நாலு வழிச் சாலைன்னு பேரு, ஆனா நடுவுல இருக்குற இடைவெளில திடீர்னு ஒரு டிவிஎஸ் 50 வரும், எதிர்த்திசைல ஒரு டிராக்டர் வரும், புல்லுக்கட்டோட ஒரு அம்மா கடப்பாங்க. அவங்களுக்கு சீட் பெல்ட்டும் இல்ல, ஏர்பேக்கும் இல்ல. அவங்க உயிருக்கு இருக்குற ஒரே காப்பு நம்ம ரெண்டு கண்ணுதான். அதை வாடகைக்கு விடலாமா?

திரையே வேணாம்னு சொல்ல வரல. எனக்கும் பிடிக்கும். கிளாம்பாக்கத்துல ஊர்ல இருந்து வர்ற பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும், ஸ்கூல் வாசல்ல பிள்ளைக்காக நிக்கும்போதும் ஹேண்ட்பிரேக்கைத் தூக்கிட்டு ஒரு பாட்டுக் காட்சி பாக்குற சுகமே தனி. (மூடின ஷெட்டுக்குள்ள எஞ்சினை ஓட விட்டு ஏசி போட்டுக்கிட்டு மட்டும் பாக்காதீங்க, புகை ஆளையே முடிச்சுரும். எஞ்சின் அணைச்சுட்டு ரொம்ப நேரம் பாத்தா பேட்டரி இறங்கிடும்.) பென் டிரைவ்ல படம் வரலன்னா செட்டைத் திட்டாதீங்க. எம்பி4, எச்.264ல மாத்திப் பாருங்க, அனேகமா எல்லா செட்லயும் ஓடும். பென் டிரைவ் ஃபேட்32 ஃபார்மேட்ல இருந்தா 4 ஜிபிக்குப் பெரிய ஃபைல் ஏறவே ஏறாது. படம் வந்து சத்தம் வரலன்னா சவுண்ட் ஃபார்மேட் அந்த செட்டுக்குப் புரியலன்னு அர்த்தம்.

பின்னாடி பிள்ளைங்க அழுவுதுங்க, அம்மாவுக்கு சீரியல் பாக்கணும்னா முன் சீட் தலைக்குப் பின்னாடி மாட்டுற ஸ்கிரீனோ, டேபோ வாங்கிக் குடுங்க. ஆடாம இறுக்கமா மாட்டுங்க. வீடியோ கோச் மாடல்!

கடைக்கார அண்ணன்மாருக்கும் ஒண்ணு. கப்ளர் டு கப்ளர் போட்டு, ஒரு வயர் கூட வெட்டாம நீங்க செட் மாட்டுற நேர்த்தியைப் பாத்து அசந்திருக்கேன். அதே நேர்த்தியோட அந்தப் பச்சை வயரையும் ஹேண்ட்பிரேக் வரைக்கும் கொண்டு போயிடுங்க. கூட முந்நூறு ரூபா கேட்டாலும் குடுப்பாங்க. குடுக்க மாட்டேன், எர்த் பண்ணித்தான் ஆகணும்னு அடம் பிடிச்சா, "முடியாது சார்"னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு.

செட் ஏற்கனவே மாட்டிட்டீங்களா? இன்னைக்கே ஒரு சோதனை பண்ணுங்க. வீட்டு வாசல்ல, சமதளத்துல, பிரேக்கை மிதிச்சுக்கிட்டு ஒரு வீடியோவைப் போட்டு ஹேண்ட்பிரேக்கை இறக்குங்க. படம் நின்னா நல்ல கடைல மாட்டியிருக்கீங்க. நிக்கலன்னா அடுத்த சர்வீஸுக்குப் போகும்போது சரி பண்ணச் சொல்லுங்க.

டிஸ்கி: "நான் இருபது வருஷமா ஓட்டுறேன், எனக்கு ஒண்ணும் ஆகல"ன்னு சொல்லப் போறவங்களுக்கு: சந்தோஷம்ணே. ஆனா எதிர்ல வர்ற டிவிஎஸ் 50காரருக்கு உங்க சர்வீஸ் தெரியாதே!