மண்சுவரும் ஒரே உலையும்

மண்ணுக்குத் திடீரென்று மரியாதை வந்திருக்கிறது. சிமெண்ட் பூமிக்குக் கேடு, மண்ணால் கட்டுங்கள் என்று சேரிக்கே வந்து பாடம் நடத்துகிறார்கள். தலைமுறை தலைமுறையாக மண் மிதித்தது யார்? மழை கரைத்த சுவரை வருசா வருசம் பூசி மெழுகியது யார்? நாம் ஓட்டுவீடு கட்டினாலே 'கொழுப்பாடா?' என்று கேட்டவர்களுக்கு இப்போது நம் மண்சுவர் அழகாகத் தெரிகிறது.

மண்மேல் எனக்குக் கோபமில்லை. ஆரோவில்லில் 1990களில் கட்டிய விகாஸ் குடியிருப்பைப் பாருங்கள். அங்கேயே தோண்டிய மண்ணில் நூற்றுக்கு 5 பங்கு சிமெண்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, தண்ணீர் காட்டிப் பதப்படுத்திய கல்லில் மாடிமேல் மாடி நிற்கிறது. நமக்கு மட்டும் ஏன் வெறும் சேறும் கீற்றும்?

எங்கள் சேரியில் பல குடும்பங்கள் கூடிவாழ ஒரு மண்கட்டிடம் என்று வரைபடம் கொண்டுவந்தார்கள். வட்ட முற்றம், திண்ணை, ஓலைக்கூரை, முன்பக்கம் ஒரே வாசல். எங்க ஆயா பாத்துட்டு, "ஓல எதுக்கு சாமி, கொளுத்தவா?"ன்னு கேட்டுச்சு. வந்தவர்கள் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். கூரையும் வாசலும் நமக்கு உயிர்ப் பிரச்சினை.

ஆகவே நம் வரைபடத்தை நாமே போடுவோம். முதலில் பட்டா, பெண்கள் பெயரில். தண்ணீர் ஏறாத கருங்கல் அஸ்திவாரம். அழுத்திய மண்கல். எரியாத கூரை, சுவரில் சாரல் அடிக்காதபடி வெளியே நீண்டு இறங்க வேண்டும். ஒவ்வொரு கூடத்துக்கும் இரண்டு வாசல். மண்கல் அறுக்கும் வேலையும் கூலியும் நம் பிள்ளைகளுக்கு.

அடுத்தது அடுப்பு. 1990களின் கடைசியில் வந்த சமத்துவபுரங்களில் 100 வீட்டில் 40 தலித்துகளுக்கு என்று கலந்து கொடுத்தார்கள். வீடு கலந்தது, உலை கலந்ததா? சேரிக்குள் நாங்கள் கூடிவாழ யாரும் கற்றுத்தர வேண்டாம். ஒரு வீட்டுக் குழம்பு நாலு வீட்டுக்குப் போகிற தெரு எங்களுடையது. கூடிவாழ வேண்டியது ஊரும் சேரியும்தான்.

அப்படியானால் கட்டிடம் ஊருக்குள் வரட்டும். ஒரே கிணறு, ஒரே உலை. ஆம்பளைங்களும் முறைவைத்துச் சமைக்கட்டும். மாட்டுக்கறியும் அதே அடுப்பில் வேகட்டும். ஊர்த்தெருவில் மனை வாங்கிக்கொடுத்துவிட்டு மண்ணின் பெருமையைப் பேசுங்கள் தோழர்களே. மண் மிதிக்க நாங்களும் வருகிறோம், ஊர்க்காரர்களும் எங்களோடு இறங்கட்டும்.