கார் நிக்கோபார் களிமண் கூறும் பாடம்

மலை என்றவுடன் நம் எண்ணம் வடக்கே இமயத்தை நாடும். கடலிலிருந்து எழும் மலையை நாம் நினைப்பதில்லை. மியன்மார் நாட்டின் அரக்கான் மலைத்தொடர் தெற்கே கடலுள் தாழ்ந்து, அந்தமான், நிக்கோபார் தீவுகளாகத் தலைகாட்டிச் சுமத்ராவை நோக்கிச் செல்கிறது. கார் நிக்கோபாரும் அத்தொடரைச் சேர்ந்ததே. பவளப்பாறை சூழ்ந்த தட்டையான அத்தீவை மலையின் உறுப்பு என்பது வியப்பாகத் தோன்றலாம். அதற்குச் சான்று அங்குள்ள களிமண்ணேயாகும்.

1858ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவின் 'நொவாரா' கப்பல் அங்குச் சென்றது. அதில் வந்தவரும், பின்னர் வியன்னாவில் பேராசிரியராக விளங்கியவருமான பூகர்ப்பவியல் அறிஞர் ஹோக்ஸ்டெட்டர் அக்களிமண்ணைச் சேகரித்தார். அதிலிருந்த நுண்ணிய கடலுயிர்களின் ஓடுகளை ஷ்வாகர் என்பார் ஆராய்ந்து 1866இல் விவரித்தார். காசி இந்து சர்வகலாசாலைப் பேராசிரியர் எம். எஸ். சீனிவாசன், சர்மா என்பாருடன் சேர்ந்து அவ்வாராய்ச்சியைத் திருத்தி 1980இல் வெளியிட்டார்.

அவ்வுயிர்களுட் பல ஆழ்கடலின் அடியில் வாழ்பவை. அவற்றின் ஓடுகள் தரையில் கிடைப்பதன் பொருள் யாது? ஆழ்கடற் படுகையில் படிந்த சேறு நிலமாக உயர்த்தப்பட்டது என்பதே. இந்தியத் தட்டு பர்மாத் தட்டின் அடியில் புகும்பொழுது, மேலே படிந்த வண்டல் வழிக்கப்பட்டு, மடிந்து குவிகிறது. மலை தேய்ந்து படுகை நிரம்புகிறது. படுகை நெருக்குண்டு மலை எழுகிறது.

இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. அதே நெருக்கமே பூகம்பத்திற்கும் காரணம். 1881 டிசம்பர் 31இல் கார் நிக்கோபார் அருகே நேர்ந்த பூகம்பத்தின் அலைகளை வங்கக் கடலோர அலைமானிகள் பதிவு செய்தன. ஓல்டாம் 1884இல் அப்பூகம்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். அவ்வறிவு மக்கள் மொழிகளில் வந்து சேரவில்லை. 2004 டிசம்பர் 26இல் பேரலைகள் அத்தீவைப் பாழாக்கின. பூமி அதிர்ந்து இரண்டு மணி நேரத்திற்குப் பின்னரே அவை தமிழகக் கரையை அடைந்தன. அந்த இரண்டு மணி நேரமும் நமக்குப் பயன்படவில்லை.

2007 முதல் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் இயங்கி வருகிறது. இது போற்றத்தக்கது. ஆயினும் நிக்கோபார் மக்களுக்குக் கிடைக்கும் அவகாசம் சில நிமிடங்களே. நிலம் வலுவாக அதிர்ந்தால், செய்திக்குக் காத்திராமல் மேட்டு நிலத்திற்குச் செல்ல வேண்டும் என்பதை, காரணத்துடன் ஒவ்வொரு சிறுவனும் சிறுமியும் அறிந்திருத்தல் வேண்டும்.

கலைச்சொற்கள் போதா எனத் தயங்குவோர் உளர். படுகை, வண்டல், மடிப்பு, தட்டு ஆகியவை உழவரும் அறிந்த சொற்களல்லவா? வியன்னாவிற்குச் சென்ற களிமண் உரைத்த உண்மை, நிக்கோபாரி மொழியிலும் தமிழிலும் பள்ளிப் பாடமாக அமைதல் வேண்டும். அதற்கு அறிஞரும் மொழிபெயர்ப்பாளரும் ஒன்றுகூடி உழைப்பதே இன்றைய தேவையாகும்.