வான்கோழி வேட்டைக்கு எந்தத் துவக்கு?

வான்கோழி என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர் நினைவுக்கு வருவது ஒளவையாரின் மூதுரை. மயிலின் ஆட்டத்தைக் கண்டு தானும் ஆடத் துணிந்து நகைப்புக்கிடமாகிய பறவையாகவே நாம் அதனைப் பள்ளிப் பருவத்தில் அறிந்தோம். ஆனால் வட அமெரிக்கக் காடுகளில் வாழும் வான்கோழி நகைப்புக்குரியதன்று. வேட்டைக்காரரின் பொறுமையைச் சோதிப்பதில் அதற்கு நிகர் வேறு பறவை இல்லை எனச் சொல்வாருமுளர்.

நம் கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் சென்ற வாரம் ஒரு வினாவை எழுப்பினார். கனடாவில் ஒன்றாரியோ மாகாணத்தில் வாழும் அவருடைய சிற்றப்பா, வான்கோழி வேட்டைக்கென அரைத்தானியங்கித் துவக்கு ஒன்று வாங்க எண்ணியிருக்கிறாராம். "எப்படிப்பட்ட துவக்கு நல்லது, சேர்?" என்பது வினா. திருக்கோணமலையில் இருந்துகொண்டு இதனை ஏன் ஆராய வேண்டும் என நேயர்கள் எண்ணலாம். சற்றுப் பொறுத்தருள்க; இவ்வினாவின் விடை நம் வயல் வரப்பு வரையில் வந்து நிற்கும்.

முதலில் துவக்கின் இயல்பை அறிவோம். நம் பக்கத்து உழவர் கையில் காணப்படும் ஒற்றைக்குழல் துவக்கில், ஒரு வெடி தீர்ந்ததும் குழலை மடித்து வெற்றுத் தோட்டாவை எடுத்துப் புதியதைக் கையால் இடவேண்டும். அரைத்தானியங்கித் துவக்கிலோ, விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு வெடி தீரும். வெற்றுத் தோட்டா தானே வெளியே தெறிக்கும். அடுத்த தோட்டா தானே உள்ளே ஏறும். மறுமுறை அழுத்தினாலன்றி மறுவெடி தீராது. அழுத்திய விரலை எடுக்கும் வரை ஓயாது சுடும் போர்க்களத் துவக்குக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இவ்வகைத் துவக்கை முதன்முதலில் வெற்றிகரமாக ஆக்கியவர் அமெரிக்கரான ஜோன் பிறவுணிங். 1900ஆம் ஆண்டில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் கேட்ட உரிமைப் பங்கை வின்செஸ்டர் நிறுவனம் கொடுக்க மறுத்தது. 1902ஆம் ஆண்டில் றெமிங்டன் நிறுவனத்தின் தலைவரைக் காணச் சென்று அவர் காத்திருந்தபோது, அத்தலைவர் மாரடைப்பால் காலமானார் என்ற செய்தியே கிடைத்தது. பின்னர் பிறவுணிங் கடல் கடந்து பெல்ஜிய நாட்டுத் தொழிற்சாலையொன்றில் தம் கருவியைச் செய்வித்தார். 'ஓட்டோ 5' எனப் பெயர் பெற்ற அத்துவக்கு ஏறத்தாழ நூற்றாண்டு காலம் உற்பத்தியில் இருந்தது. வெடியின் பின்னுதைப்பு அதன் குழலையே பின்னோக்கித் தள்ள, அந்த வலு அடுத்த தோட்டாவை ஏற்றியது. இக்காலத்தில் இரு முறைகள் பெருவழக்கு. ஒன்று, வெடியால் எழும் வாயுவின் ஒரு பகுதியைக் கொண்டு பொறியை இயக்குவது. மற்றது, பின்னுதைப்பின் சடத்துவத்தைக் கொண்டு இயக்குவது. வாயு முறையில் தோளில் விழும் உதைப்புக் குறையும்; ஆனால் கரி படிவதால் அடிக்கடி துடைத்தல் வேண்டும். சடத்துவ முறை எளிது, துப்புரவானது. ஆனால் உதைப்பைத் தோள் தாங்கவேண்டும்.

இனி வான்கோழிக்கு வருவோம். இப்பறவையின் கண் மிகக் கூரியது. வேட்டைக்காரர் மரத்தடியில் அசையாது அமர்ந்து, பெட்டைக் கோழியின் குரலைப் போல ஒலியெழுப்பிச் சேவலை அழைப்பார். சேவல் அருகே வந்தபின் கையை அசைத்தால் போதும், அது கணத்தில் மறைந்துவிடும். ஆகவே கைப்பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் துவக்கைக் காட்டிலும், தானே ஏற்றிக்கொள்ளும் துவக்கு மறுவெடிக்கு உதவும். வான்கோழி பெரும் பறவையாதலால் சன்னங்கள் அதன் தலையிலும் கழுத்திலும் நெருக்கமாக விழவேண்டும். அதற்காகக் குழலின் வாயை ஒடுக்கும் அமைப்பைப் பொருத்துவர். அவ்வாறு பொருத்தியும், ஏறத்தாழ 40 யாருக்கு அப்பால் சுடுதல் தகாது என்பது பழைய வேட்டைக்காரர் மரபு. தொலைவில் சிதறும் சன்னம் பறவையைக் கொல்லாது; காயப்படுத்தி, காட்டுக்குள் நாட்கணக்கில் வருந்திச் சாகவே விடும்.

குழலின் அளவோ பெரும்பாலும் 12 அல்லது 20. ஓர் இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ, அதுவே 12ஆம் எண் குழலின் விட்டம். ஆதலால் எண் கூடக் குழல் சிறுக்கும். 20ஆம் எண் துவக்கு இலேசானது. நாள் முழுதும் காட்டில் சுமந்து நடப்போர்க்கு ஏற்றது. 12ஆம் எண் வலிய வெடியைத் தாங்கும், கனமும் கூடியது. ஆகவே சிற்றப்பாவுக்கு நாம் சொல்லக்கூடியது இது: தோள் தாங்கும் கனத்தையும் உதைப்பையும் முதலிற் பாருங்கள், கடைக்காரர் காட்டும் மினுக்கத்தைப் பின்னர்ப் பாருங்கள், வாங்கியதும் அதே தோட்டாக்களைக் கொண்டு காகிதத்தில் சுட்டு, எத்தனை யாரில் சன்னம் எவ்வளவு சிதறுகிறது என அறிந்துகொள்ளுங்கள்.

ஆயினும் இதனினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. வான்கோழி வேட்டையில் நிகழும் விபத்துகளுள் பல, வேட்டைக்காரர் ஒருவர் இன்னொரு வேட்டைக்காரரைப் பறவையெனக் கருதிச் சுட்டதால் நிகழ்ந்தவை. பறவையின் குரலை நன்கு பழகியவரே, அக்குரலை நம்பி வந்த இன்னொருவரின் சன்னத்துக்கு இரையாகிறார். சேவலின் தலையில் சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்கள் தோன்றுவதால், அந்நிறங்களில் கைக்குட்டை கூடக் கொண்டு செல்லலாகாது என அங்கே பாடம் புகட்டுவர். முதல் வெடி தீர்ந்தவுடன் அடுத்த தோட்டா தானே ஏறி நிற்கும் துவக்கில், இரண்டாவது பிழைக்கும் இடம் தயாராக இருக்கிறது என்பதை மறக்கலாகாது.

இன்னொன்றும் நோக்குக. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வரம்பற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் வான்கோழி அமெரிக்காவின் பல மாநிலங்களில் அடியோடு அற்றுப்போயிற்று. 1937ஆம் ஆண்டில் அந்நாடு ஒரு சட்டம் இயற்றித் துவக்குகளின் மீதும் தோட்டாக்களின் மீதும் விதித்த வரியை வனசீவராசிகளின் மீட்சிக்கென ஒதுக்கியது. எஞ்சிய காட்டு வான்கோழிகளை வலையிட்டுப் பிடித்து, அற்றுப்போன இடங்களில் விட்டனர். ஒன்றாரியோவிலும் 1984ஆம் ஆண்டில் அவ்வாறே விட்டனர். இன்று அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 60 இலட்சம் வான்கோழிகள் வாழ்கின்றன. துவக்கு அழித்ததைத் துவக்கின் வரியே மீட்டது எனலாம். வேட்டைப் பருவம் இது, ஆளுக்கு இத்தனை பறவை, இளவேனிலில் சேவல் மட்டுமே என்றெல்லாம் வரம்பு வகுத்ததனால் விளைந்த பயன் இது.

அதே 1937ஆம் ஆண்டில்தான் இலங்கையிலும் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் தோன்றியது. அதற்கு முன்னரே, 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் துவக்குக்கு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியிருந்தது. நிலாவெளிக் கடலிலுள்ள புறாமலை, ஆங்கிலேயர் காலத்தில் சுடுபயிற்சிக் களமாக இருந்தது. 1963ஆம் ஆண்டில் அது சரணாலயமாயிற்று. 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. அன்று குண்டு பாய்ந்த பாறையில் இன்று மாடப்புறா கூடு கட்டுகிறது. பிரட்றிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் புள்ளிமான்கள் அச்சமின்றி நிற்பதைக் காணாதார் நம்மில் யார்?

ஆனால் உழவரின் துயரும் உண்மையே. தம்பலகாமத்திலும் மூதூரிலும் கந்தளாயிலும், இரவிலே பன்றி உழக்கிய வயலையும், பகலிலே மயில் கொத்திய கதிரையும் கண்டு கண்ணீர் விடுவோரிடம் அறமுரைத்தல் எளிது. 2025ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் திகதி, நாடெங்கும் மக்களே தத்தம் நிலங்களில் குரங்கு, மயில் முதலியவற்றை எண்ணிப் பார்த்த கணக்கெடுப்பு, இத்துயரின் அளவுக்குச் சான்று. எனினும் அத்துயரைத் தீர்க்க மறைவாகச் செய்யும் இடியன் துவக்கும், வரம்பில் கட்டும் கட்டுத்துவக்கும், தீனிக்குள் பொதியும் வாய்வெடியும் தீர்வாகா. கட்டுத்துவக்குக்குக் கண் இல்லை. பன்றி வந்தாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்தாலும் அது வெடிக்கும். பன்றிக்கு வைத்த வாய்வெடியைக் கடித்த யானை, தாடை சிதைந்து, உண்ணவும் இயலாது பட்டினியால் மடிகிறது. எந்த உயிரைச் சட்டம் காக்கிறது, எதனை விரட்டலாம் என்பதை வனசீவராசிகள் அலுவலகத்தில் கேட்டறிந்து, அனுமதிப்பத்திரம் உள்ள துவக்கையே அனுமதித்த தேவைக்கு மட்டும் எடுத்தல் உழவர்க்கும் நன்று, அவர்தம் பிள்ளைகட்கும் நன்று.

மாணவரின் வினாவுக்கு இதுவே முழு விடை. பிறவுணிங்கின் துவக்கு ஐந்து தோட்டாக்கள் கொள்வது. ஆனால் வலசை போகும் வாத்து முதலிய பறவைகளை வேட்டையாடுவோர், தோட்டா அறைக்குள் ஒரு கட்டையைச் செருகி அதனை மூன்றாகக் குறைத்துக்கொள்ள வேண்டும் என அமெரிக்கச் சட்டம் விதிக்கிறது. பொறிவல்லார் பல்லாண்டு முயன்று பெருக்கிய வலிமையை ஒரு சிறு கட்டை அடக்கிவிடுகிறது. துவக்கு வாங்கும் சிற்றப்பாவாயினும், வயல் காக்கும் நம்மூர் உழவராயினும், எத்தனை வெடி தீர்க்கும் கருவி இது என்று கேட்பதற்கு முன், எந்த வெடியைத் தீர்க்காது விடுவேன் என்று தம்மையே கேட்டுக்கொள்வாராக.