தீர்ப்பு வந்தாச்சு, ஊர் எப்போ வரும்?

சென்னை உயர் நீதிமன்றம், 2025 மே 22. ஓர் ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வருகிறது. மனுப் போட்டவர் ஒரு இளம் பெண். எதிர்த்தரப்பில் வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும் இருக்கிறார். மீட்டுத் தரச் சொல்லிக் கேட்கப்பட்டவரும் பெண்தான். வயது இருபத்தைந்து. அவரைப் பெற்றோர் வீட்டிலேயே பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது புகார்.

நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அந்தப் பெண்ணிடமே பேசினார்கள். தன்னை வற்புறுத்தி வீட்டுக்குக் கொண்டுபோனதையும், அடித்ததையும், 'சரியாகிவிட வேண்டும்' என்று சடங்குகள் செய்ததையும் அவர் சொன்னார். தோழியோடு போகவே விரும்புவதாகவும் சொன்னார். அவர் விருப்பப்படி போகலாம், வீட்டார் தடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. புகாரைக் கண்டுகொள்ளாத போலீசைக் கண்டித்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தர மறுத்திருந்தாலும், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்றும் சொன்னது.

நல்ல தீர்ப்பு. அதில் என்னை உறுத்திய ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. மனுப் போட்ட பெண் தன்னைத் துணைவி என்று எழுதவில்லை. நெருங்கிய தோழி என்றுதான் எழுதியிருந்தார். அந்தத் தயக்கத்தை நீதிபதிகளே புரிந்துகொண்டு குறிப்பிட்டார்கள்.

உயர் நீதிமன்றம் வரை போகத் துணிந்த ஒரு பெண்ணுக்கு, தான் யார் என்று ஒரு காகிதத்தில் எழுதத் துணிவில்லை. ஏன் என்று யோசியுங்கள். கோர்ட்டுக்குப் பயந்து இல்லை. ஊருக்குப் பயந்து. அந்த ஊர் நீங்களும் நானும்தான்.

*

வேலூரிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் பள்ளிகொண்டா வரும். பாலாற்றங்கரையில் ரங்கநாதர் படுத்திருக்கிறார்; ஊர்ப் பேரே அதனால்தான். ஒரு சுங்கச்சாவடி, ஒரு பேரூராட்சி அலுவலகம், ஒரு போலீஸ் ஸ்டேஷன். மேற்கே ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று தோல் தொழில். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஷூ தைக்கப் போகும் பெண்கள். உங்கள் ஊரும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

இந்த மாதிரி ஒரு ஊரில் போய் ஓரினச் சேர்க்கையாளர், திருநங்கை, திருநம்பி உரிமை என்று பேச்சை எடுத்தால் மூன்று பதில்கள் தயாராக வரும்.

முதல் பதில்: 'நம்ம ஊர்ல அப்படியெல்லாம் யாரும் இல்லீங்க.'

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் இரண்டிலும் சேராமல் 'மற்றவர்' என்று பதிவானவர்கள் தமிழ்நாட்டில் மட்டும் 22,364 பேர். கணக்கெடுக்க வந்தவரிடம் வாசலில் நின்று தைரியமாகச் சொன்னவர்கள் இவ்வளவு. பெண்ணை நேசிக்கும் பெண்ணையும் ஆணை நேசிக்கும் ஆணையும் எந்தக் கணக்கும் எடுக்கவில்லை. உங்கள் ஊரில் யாரும் இல்லை என்றால், உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது பதில்: 'இதெல்லாம் வெள்ளைக்காரன் கலாசாரம். இறக்குமதிச் சரக்கு.'

இறக்குமதி ஆனது சட்டம்தான் ஐயா. மெக்காலே தலைமையில் வரைவு எழுதி, 1860-ல் பிரிட்டிஷ்காரன் கொண்டு வந்த இந்திய தண்டனைச் சட்டம். அதன் 377-வது பிரிவுதான் இந்த நாட்டில் இவர்களைக் குற்றவாளி ஆக்கியது. இங்கிலாந்து தன் நாட்டில் 1967-லேயே அந்தத் தண்டனையை விலக்கிக்கொண்டது. நாம் 2018 செப்டம்பர் 6 வரை கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தோம். நடுவில் 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் விடுவித்ததை 2013-ல் உச்ச நீதிமன்றமே மறுபடி பூட்டிய கூத்தும் நடந்தது. கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்குக் கூவாகத்தில் கூடுகிற கூட்டத்தை எந்த வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டு வந்து இறக்கினான்? ஆம்பூர் ஷூ ஐரோப்பாவுக்குப் போகலாம், அங்கிருந்து யூரோ வரலாம். மனுஷனுக்கு மரியாதை என்று வந்தால் மட்டும் கலாசாரம் குறுக்கே வந்து நிற்குமா?

மூன்றாவது பதில்தான் கொஞ்சம் நியாயமாகக் காதில் விழும்: 'சோத்துக்கே வழியில்ல. குடிதண்ணி இல்ல, ஆறு நாறிப்போச்சு. இப்ப இதுவா முக்கியம்?'

இந்தக் கேள்வியைத் தள்ளிவிடக் கூடாது. ஆற்றிலிருந்தே பதில் சொல்லலாம்.

*

தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்தபோது யார் கிளம்பினார்கள்? டெல்லியில் இருந்து யாரும் வரவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற உள்ளூர் அமைப்புதான் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்பு, மாசு செய்தவரே விலை கொடுக்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. இன்றைக்கும் நாடு முழுக்க சட்ட மாணவர்கள் படிக்கிற வழக்கு அது.

சரி, ஆறு சுத்தமாகிவிட்டதா? 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே பாலாற்றுக்காக நஷ்டஈடு கொடு, கழிவைத் தடு, கண்காணிக்கக் குழு போடு என்று உத்தரவிட வேண்டியிருந்தது. இருபத்தெட்டு வருஷம் கழித்து!

தோல் பகுதிக்காரர்களுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டாம். தீர்ப்பு வாங்க ஊர் கூட வேண்டும். வாங்கிய தீர்ப்பு நடக்கிறதா என்று பார்க்கவும் ஊர்தான் வேண்டும். ஊர் தூங்கினால் தீர்ப்பு காகிதமாகிவிடும்.

பால்புதுமையினர் விஷயத்திலும் காகிதத்துக்குப் பஞ்சமே இல்லை. திருநங்கைகளுக்கு நாட்டிலேயே முதல் நல வாரியம் 2008-ல் தமிழ்நாட்டில். தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமையைத் தந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2014-ல். மதுரையிலிருந்து ஓடி வந்த இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7-ல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தந்த உத்தரவு இன்னொன்று. இதைப் பற்றித் தனக்கே சரியாகத் தெரியாது என்று ஒரு உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்து தீர்ப்புச் சொன்னவர் அவர். 'குணப்படுத்துகிறேன்' என்று சொல்லி நடத்தும் வைத்தியத்துக்குத் தடை போட்டார். அதைத் தொடர்ந்து 2022-ல் போலீஸ் நடத்தை விதியே திருத்தப்பட்டது: இவர்களைப் போலீசார் துன்புறுத்தக் கூடாது.

இத்தனையும் ஆன பிறகுதான், 2025-ல், அந்த வேலூர் வழக்கு. சடங்கு செய்து 'குணப்படுத்த'ப் பார்த்த வீடு. புகாரைக் கண்டுகொள்ளாத போலீஸ். அதாவது தடை போட்ட இரண்டும் அப்படியே நடந்திருக்கிறது. இப்போது சொல்லுங்கள், இது பாலாற்றுக் கதைதானே?

*

சோறா, உரிமையா என்று கேட்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சோறு யார் போடுவது? பள்ளிக்கூடத்தில் கேலி தாங்காமல் படிப்பை விட்டவருக்கு எந்தக் கம்பெனி வேலை தரும்? வாடகைக்கு வீடு கிடையாது, வேலை கிடையாது என்று எல்லாக் கதவையும் சாத்திவிட்டு, டோல்கேட்டில் கை தட்டிக் காசு கேட்டால் முகம் சுளிக்கிறோம். இவர்களுக்குச் சோற்றுப் பிரச்சினையும் உரிமைப் பிரச்சினையும் ஒரே பிரச்சினை.

வீடு துரத்தியபோது திருநங்கைகள் தங்களுக்குள் ஒரு ஜமாத் கட்டிக்கொண்டார்கள். அம்மா, மகள், பாட்டி என்று உறவும் வைத்துக்கொண்டார்கள். ஜமாத் என்றால் என்ன என்று ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஷூ கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து, ஒருத்தியை ஒருத்தி நேசிக்கிற இரண்டு பெண்களுக்கு எந்த ஜமாத் இருக்கிறது? ஒருத்திக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டால், யாரிடம் போய் அழுவாள்?

நமக்குச் சங்கம் வைக்கத் தெரியாதா என்ன? மகளிர் சுய உதவிக் குழு இல்லாத தெரு கிடையாது. தொழிற்சங்கம் இருக்கிறது. ரசிகர் மன்றம்கூட இருக்கிறது. சுற்றியுள்ள ஊராட்சிகளில் வருஷத்துக்கு ஆறு தடவை கிராம சபை கூடுகிறது. 2013 சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனியில் பாலியல் தொல்லைப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். இருக்கிற இடத்தில் பேசினால் போதும்.

'2022 விதி எங்க ஸ்டேஷன்ல எல்லாருக்கும் தெரியுமா?' என்று நாலு பேர் சேர்ந்து போய் இன்ஸ்பெக்டரிடம் கேட்கலாம். பிள்ளையைக் கேலி செய்தால் என்ன நடவடிக்கை என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்கலாம். வீடு காலியாக இருந்தால் கொடுக்கலாம். பெற்ற பிள்ளை வந்து சொன்னால், பூசாரியைத் தேடாமல் பிள்ளையின் பக்கத்தில் உட்காரலாம்.

நாலு பேரால் என்ன ஆகும் என்கிறீர்களா? 2022 பிப்ரவரியில் நடந்த வேலூர் மாநகராட்சித் தேர்தலில் 37-வது வார்டில் தி.மு.க. வேட்பாளராக நின்றார் கங்கா. திருநங்கை. ஜெயித்தார். எத்தனை ஓட்டு வித்தியாசம் தெரியுமா? பதினைந்து.

பதினைந்து ஓட்டு என்றால் மூணு, நாலு குடும்பம். ஒரு டீக்கடையில் காலையில் உட்கார்ந்திருக்கிற கூட்டம். அவர்கள் 'ஊர் என்ன சொல்லும்' என்று நினைத்திருந்தால் கங்கா தோற்றிருப்பார்.

அடுத்த தடவை ஒரு பெண் கோர்ட்டுக்குப் போனால், மனுவில் 'துணைவி' என்றே எழுத வேண்டும். அதைவிட, கோர்ட்டுக்கே போகத் தேவையில்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. அதை எந்த நீதிபதியாலும் செய்ய முடியாது. உங்கள் தெருவில் அந்தப் பதினைந்து பேர் இருக்கிறார்களா? நீங்கள் அதில் ஒருவரா?