சரண்ஜித் சிங்குக்கு சிகாகோ சான்றிதழ் எதற்கு?

இந்திப் படங்களுக்கு கிடார் வாசித்தவர் சரண்ஜித் சிங். 1982-ல் அவர் கையில் மூன்று ரோலண்ட் கருவிகள் இருந்தன. ஜூபிடர்-8 சிந்தசைசர், டிஆர்-808 தாளப்பெட்டி, டிபி-303 பேஸ் பெட்டி. அவற்றை வைத்துப் பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் மறுவெளியீடு வந்ததும், "ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் இவர்தான்" என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. சிகாகோவின் ஃபியூச்சர் குழு 'ஆசிட் டிராக்ஸ்' வெளியிட்டது 1987-ல். அவர்கள் சிங்கைக் கேட்டதற்கு ஆதாரம் இல்லை. இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே பெட்டியைத் திருகினார்கள், அவ்வளவுதான்.

ஆனால் திருகிய காரணம் வேறு. கிடார்காரருக்குப் பக்கத்துணையாக பேஸ் வாசிக்கத்தான் டிபி-303 வந்தது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் வசதி அதில் உண்டு. சிகாகோவில் அது நடனத்துக்கான புதுச் சத்தம். ராகம் தெரிந்த காதுக்கோ அது மீண்ட், நம்ம ஊர் பாஷையில் கமகம். ஜப்பான் பெட்டிக்குள் ராகத்துக்கு வழி இருக்கிறது என்று கண்டுகொண்டாரே, அதுதான் சிங்கின் சாதனை.

2015-ல் அவர் மறைந்துவிட்டார். வெளிநாட்டுக்காரன் ஒரு பெயர் சூட்டிய பிறகுதான் நம்ம ஆளை நாம் மதிப்போமா? அந்த ஆல்பத்தில் மால்கௌன்ஸ் இருக்கிறது, நம்ம ஹிந்தோளம்தான். சிகாகோவை மறந்துவிட்டு ஒருமுறை கேளுங்கள். அப்புறம் சொல்லுங்கள்.