மோடத்தைத் தொடுவதற்கு முன்

தஞ்சோங் டாவாய்க்குப் போகும் சாலையோரத் தாமான் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மகள் எஸ்.பி.எம். முடித்துவிட்டாள். யூபியு விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். கடைசி நாள் நெருங்குகிறது. கைப்பேசியின் சின்னத் திரையில் துறைகளைத் தெரிவு செய்வது சிரமம் என்று, சில வருடமாக அலமாரி மேல் கிடந்த கணினியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறார்கள். வைஃபை கிடைத்துவிட்டது என்று கணினி சொல்கிறது. ஆனால் எந்த அகப்பக்கமும் திறப்பதில்லை. சிவப்பு முக்கோணம் போட்டு, இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கை மட்டும் வருகிறது. கடையில் கேட்டதற்கு, "மோடம் போயிருக்கும், மாத்திடுங்க" என்றார்களாம். மாற்றலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம், சகோதரி. காசை வைத்திருங்கள். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. 'அதே வைஃபையில் என் கைப்பேசி நன்றாக ஓடுகிறது' என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் மோடம் உயிரோடுதான் இருக்கிறது. கடைசி வரியில், 'மூலையில் தேதி 1.1.2019 என்று காட்டுகிறது, அதையும் எப்படி மாற்றுவது?' என்று கேட்டிருக்கிறீர்கள். கோளாறு அந்தத் தேதியில்தான்.

இன்று பெரும்பாலான அகப்பக்கங்கள் ஓர் அடையாளச் சான்றிதழோடுதான் வருகின்றன. நம் மைகார்டு மாதிரி. எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். 2020 செப்டம்பர் முதல் வழங்கப்படும் இத்தகைய சான்றிதழ்கள் எதற்கும் 398 நாளுக்கு மேல் ஆயுள் கிடையாது. உங்கள் கணினியோ இன்னும் 2019இல் உட்கார்ந்திருக்கிறது. வருகிற சான்றிதழ் ஒவ்வொன்றும் 'இன்னும் பிறக்கவே இல்லையே' என்று அதற்குத் தோன்றுகிறது. போலியாக இருக்குமோ என்று கதவைச் சாத்துகிறது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. சில உலாவிகள் 'உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது' என்றே சொல்லிவிடும். மற்றவை பொதுவாக மிரட்டுவதோடு சரி.

அமைப்புகளுக்குள் போய்த் தேதி, நேரம், நேர வட்டாரம் மூன்றையும் கையாலேயே மாற்றுங்கள். தானாகச் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். வித்தியாசம் வருடக் கணக்கில் இருந்தால் தானியங்கிச் சரிபார்ப்பு பல வேளைகளில் கைவிட்டுவிடும். மாற்றியபின் உலாவியை மூடித் திறங்கள். மறுநாள் கணினியைத் திறக்கும்போது தேதி மறுபடியும் பின்னால் போயிருந்தால், உள்ளே இருக்கும் நாணய வடிவ பேட்டரி செத்துவிட்டது. பெரும்பாலும் சி.ஆர்.2032 என்ற எண்தான். கடிகாரக் கடையிலும் கிடைக்கும், சில வெள்ளிதான். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுத்தான் கணினிப் பெட்டியைத் திறக்க வேண்டும்.

இந்த ஒரு வீட்டின் கதையை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் உண்டு. இணையம் வரவில்லை என்றதும் நம் கை முதலில் மோடத்துக்குத்தான் போகிறது. கோளாறு எந்தப் பக்கம் என்று தெரியாமலே அதைத் தட்டுகிறோம், திருகுகிறோம், கடைசியில் ஊக்கு முனையால் பின்பக்க ஓட்டையைக் குத்துகிறோம். அந்த ஓட்டையை மட்டும் தொடாதீர்கள். மோடத்தை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போடுவது வேறு, ரீசெட் வேறு. ரீசெட் செய்தால் வைஃபை பெயர், கடவுச்சொல் மட்டுமல்ல, சில மோடங்களில் நிறுவனம் பதிந்து கொடுத்த பயனர் பெயரும் அழிந்துபோகும். பிறகு, அரை மணியில் தானாக வந்திருக்கக்கூடிய இணையம், தொழில்நுட்பர் வரும் வரை வராது.

பக்கத்தைக் கண்டுபிடிக்கக் கைப்பேசி ஒன்று போதும். அதில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு (இதை மறந்தால் சோதனையே வீண்) வீட்டு வைஃபையில் ஓர் அகப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். அடுத்து, டேட்டாவைப் போட்டுக் கைப்பேசியை ஹாட்ஸ்பாட் ஆக்கி, கணினியை அதில் இணைத்துப் பாருங்கள். கைப்பேசி வீட்டு வைஃபையில் ஓடி, கணினி ஹாட்ஸ்பாட்டிலும் ஓடவில்லை என்றால் குற்றவாளி கணினி. நம் வாசகி இதைச் செய்திருந்தால் கடைவரை போயிருக்க வேண்டியதில்லை. மாறாக, கைப்பேசிக்கு வைஃபையில் ஒன்றும் வராமல், கணினி ஹாட்ஸ்பாட்டில் ஓடினால், குறை மோடத்திலோ வெளிக் கம்பியிலோ இருக்கிறது. விண்ணப்பமோ பாடமோ அவசரமென்றால் அந்த ஹாட்ஸ்பாட்டிலேயே முதலில் முடித்துவிடுங்கள். பழுதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

1990களின் இறுதியில் ஜாரிங், டிஎம்நெட் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். மோடம் கீச்சிட்டு, கரகரத்து, பிறகு அடங்கும். எந்தச் சத்தத்தில் நின்றது என்பதை வைத்தே இணைப்பு எங்கே முறிந்தது என்று பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். இப்போது சத்தம் இல்லை, விளக்குகள்தான். ஒளியிழை வந்திருக்கும் வீடுகளில், சுவரிலிருந்து வரும் மெல்லிய கம்பி நுழைகிற பெட்டியைப் பாருங்கள். எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ, வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை. அந்த மெல்லிய கம்பி மேசைக் காலடியில் நசுங்கியோ கூர்மையாக மடிந்தோ கிடக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதைக் கழற்றி ஊதித் துடைக்காதீர்கள். முனையில் படும் தூசியே ஒளியை மறைக்கப் போதும். வேறு எதுவும் நம் கையில் இல்லை.

பழைய செப்புத் தொலைபேசிக் கம்பியை நம்பியிருக்கும் வீடுகளில் கதை வேறு. மெர்போக் ஆறு கடலில் கலக்கும் முனை தஞ்சோங் டாவாய். நெத்திலி காயும் காற்றில் உப்பு இருக்கும். அந்த உப்பு செப்பு முனையில் பச்சை பூக்க வைக்கும். தொலைபேசியில் கரகரப்புக் கேட்டால் இணையமும் அறுந்து அறுந்துதான் வரும். சுவர்ப் பலகையில் கம்பியைக் கழற்றிப் பார்த்து, பச்சை பிடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். மலிவான பொருள்தான்.

விளக்கெல்லாம் பச்சையாக இருந்தும் கணினிக்கு மட்டும் வரவில்லையா? மடிக்கணினி என்றால் விமானப் பயன்முறை விசையில் விரல் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வைஃபை விவரங்களில் ஐபி முகவரியைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் பொதுவாக மோடம் கணினிக்கு எண் கொடுத்துவிட்டது என்று பொருள். 169.254 என்று தொடங்கினால், மோடத்திடம் கேட்டுக் கேட்டுப் பதில் வராமல் கணினியே ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டிருக்கிறது. அந்த வைஃபையை 'மறந்துவிடு' என்று நீக்கி, கடவுச்சொல்லை மறுபடி கொடுங்கள். மோடத்தையும் ஒரு முறை அணைத்துப் போடுங்கள்.

எண் சரியாக இருந்தும் பக்கம் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் மேல் சந்தேகப்படலாம். அகப்பக்கத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைத் தேடிக் கொடுக்கும் தொலைபேசிப் புத்தகம் அது. புத்தகம் காணாமல் போனால், வீடு இருந்தும் முகவரி தெரியாது. கணினியின் அமைப்பில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பார்க்கலாம். இந்த எண்களுக்குப் போகும் தேடலை நம் நாட்டு நிறுவனங்களின் பக்கமே திருப்பிவிட 2024இல் தொடர்பு பல்லூடக ஆணையம் முனைந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்தச் செப்டம்பரிலேயே அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அதை நிறுத்தச் சொன்னார். அதுவரை டிஎன்எஸ் என்ற சொல்லையே கேட்டிராத பலர் அந்த வாரம் அதைத் தெரிந்துகொண்டார்கள்.

சில நாள் கோளாறு நம் வீட்டிலும் இருக்காது, தாமானிலும் இருக்காது. 2021 அக்டோபர் 4ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன் தொடங்கி ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஃபேஸ்புக், வாட்ஸ்ஆப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுக்கப் படுத்துவிட்டன. ஆகவே ஒரே ஓர் அகப்பக்கத்தைத் திறந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சம்பந்தமில்லாத மூன்று பக்கங்களைத் திறந்து பாருங்கள்.

வெளிக் கோளாறுதான் என்று உறுதியானால் நிறுவனத்தை அழையுங்கள். டிஎம் வாடிக்கையாளர் என்றால் 100. 'இணையம் வரவில்லை' என்று மட்டும் சொன்னால் மோடத்தை அணைத்துப் போடுங்கள் என்பதிலிருந்துதான் பேச்சுத் தொடங்கும். 'எல்.ஓ.எஸ். விளக்கு காலை ஏழு மணியிலிருந்து சிவப்பு, அணைத்துப் போட்டுப் பார்த்தாயிற்று, பக்கத்து வீட்டிலும் இல்லை' என்று சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு நாள்காட்டியில் எழுதி வையுங்கள். நாள் கடந்தும் ஆள் வரவில்லை என்றால் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் முறையிடலாம். அப்போது அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.