கட்டியவர் போன பிறகு யாரிடம் கேட்பது?

வீடு கட்டி விற்கும் கம்பெனிகள் தண்ணீரைக் கெடுத்தால், அதற்கான நஷ்ட ஈட்டை மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே நேரடியாகக் கேட்டு வாங்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி தீர்ப்பளித்தது. வழக்கு டில்லியில் எழுந்தது. தீர்ப்போ நாடு முழுவதற்கும் பொருந்தும். வேலந்தாவளத்தில் கிணற்றுத் தண்ணீரை நம்பி வாழும் குடும்பத்துக்கு இதனால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வழக்கின் கதை இது. டில்லியில் குடியிருப்பு வளாகங்களும் வணிக வளாகங்களும், தண்ணீர்ச் சட்டப்படி முன்கூட்டிப் பெறவேண்டிய அனுமதியைப் பெறாமலே எழும்பின. 2006-ல் டில்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழு அவற்றுக்கு நோட்டீஸ் அனுப்பி, இவ்வளவு தொகை கட்டு, பாங்க் உத்தரவாதம் கொடு என்று கேட்டது. லோதி பிராப்பர்ட்டி முதலிய கம்பெனிகள் டில்லி ஹைகோர்ட்டுக்குப் போயின. அபராதம் விதிப்பது கோர்ட்டின் வேலை, வாரியத்தின் வேலையல்ல என்று 2012-ல் ஹைகோர்ட் சொல்லிவிட்டது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, நீதிபதிகள் பி. எஸ். நரசிம்மா, மனோஜ் மிஸ்ரா இருவரும் அதை மாற்றினார்கள். தண்டனை வேறு, கெட்டதைச் சீர் செய்ய ஆகும் செலவை வாங்குவது வேறு. முன்னது கோர்ட்டைச் சேர்ந்தது, பின்னதை வாரியம் செய்யலாம் என்றார்கள். தீங்கு நடப்பதற்கு முன்பே பாங்க் உத்தரவாதம் கேட்கவும் வாரியத்துக்கு உரிமை உண்டு என்றார்கள்.

ஆனால் தீர்ப்பின் கடைசிப் பகுதியையும் படிக்க வேண்டும். எந்த அடிப்படையில் தொகையைக் கணக்கிடுவது, எதிர்த்தரப்பை எப்படி விசாரிப்பது என்பதற்கு முறையான விதிகள் வகுத்த பிறகே இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தலாம். 2006-ன் பழைய நோட்டீசுகளுக்கு உயிர் வரவில்லை. வசூலித்த பணம் இருந்தால் திருப்பிக் கொடுக்க உத்தரவு. பத்தொன்பது ஆண்டு வழக்கில் சட்டம் ஜெயித்தது, பில்டர்கள் பணத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். வேலந்தாவளம் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். சோதனைச் சாவடியைத் தாண்டினால் கோவை மாவட்டம். சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பிரதேசம்; கேரளம் என்றாலே பச்சை என்று நினைப்பவர்கள் வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கோடையில் வந்து பார்க்க வேண்டும். 2017-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் மத்திய நிலத்தடி நீர் வாரியம் சித்தூர் வட்டாரத்தை மிகையாக உறிஞ்சப்பட்ட வட்டாரம் என்று வகைப்படுத்தியது. தண்ணீர் நிறைய இருக்கும் இடத்தில் கொஞ்சம் கழிவு கலந்தால் கரைந்து போகலாம். கொஞ்சமே இருக்கும் இடத்தில் அது அப்படியே குடத்துக்கு வந்து சேரும்.

கோவை வளர வளர, எல்லையின் இரு பக்கமும் நிலம் மனையாகிறது. இப்படிப்பட்ட நிலத்தில் அறுபது வீடுகள் கொண்ட ஒரு வளாகம் எழுவதாக வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதில் ஐந்தில் நாலு பங்கு கழிவுநீராக வெளியே வரும். ஆக, நாளொன்றுக்குச் சுமார் 26,000 லிட்டர். கக்கூஸ் குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து ஏழரை மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்கிறது கேரளக் கட்டிட விதி. ஒரு குடும்பத்தின் குழிக்கு அது போதலாம். அறுபது குடும்பத்தின் கழிவு ஒரே இடத்தில் இறங்கினால் ஏழரை மீட்டர் எந்த மூலைக்கு? அதற்குத்தான் சுத்திகரிப்பு நிலையம். அதைக் கட்ட இடம் வேண்டும், ஓட்ட மின்சாரமும் ஆளும் வேண்டும். மூன்றிலும் மிச்சம் பிடிக்க ஆசைப்படாத பில்டர் அபூர்வம்.

1974-ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டம் பலவீனமான சட்டமல்ல. ஓடை என்ற சொல்லுக்கு அது தரும் விளக்கத்தில் நிலத்தடி நீரும் அடங்கும். ஆற்றில் மட்டுமல்ல, கிணற்றிலும் நிலத்திலும் கழிவை விடக்கூடாது என்கிறது 24-ஆம் பிரிவு. கழிவை வெளியேற்றக் கூடிய எதையும் ஆரம்பிக்கும் முன்பே வாரியத்தின் சம்மதம் வேண்டும் என்கிறது 25-ஆம் பிரிவு. 1988-ல் சேர்த்த 33-ஏ பிரிவின்படி, வாரியம் வளாகத்தை மூடவும், மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கவும் உத்தரவிடலாம். கேரளம் இந்தச் சட்டத்தை ஆரம்பத்திலேயே ஏற்ற மாநிலங்களில் ஒன்று. 1974-லேயே வாரியமும் அமைத்தது. தமிழ்நாட்டு வாரியம் பிறந்தது 1982-ல்.

அப்படியிருந்தும் ஏன் கை கட்டி நிற்கிறது? ஆயுதம் பெரிதாக இருப்பதுதான் ஒரு காரணம். தொழிற்சாலையை மூடலாம், அறுபது குடும்பங்கள் குழந்தை குட்டியோடு குடியிருக்கும் வீட்டில் மின்சாரத்தைத் துண்டிக்க எந்த அதிகாரிக்கு மனம் வரும்? கடன் வாங்கி வீடு வாங்கிய குமாஸ்தாவா குற்றவாளி? குற்றம் செய்தவர் சாவிகளைக் கொடுத்து, குடியிருப்போர் சங்கத்தின் தலையில் சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டிவிட்டு, அடுத்த ஊரில் அடுத்த மனையில் பூமி பூஜை போட்டுக்கொண்டிருப்பார். சங்கத்துக்கு மாதச் சந்தா வசூலாவதே கஷ்டம். மோட்டார் பழுதானால் மேலாளர் வால்வைத் திருப்பி விடுவார். கழிவு பக்கத்து ஓடைக்குப் போகும்.

சட்டத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. சம்மதம் கேட்டு மனுப் போட்டு நாலு மாதத்துக்குள் வாரியம் பதில் சொல்லாவிட்டால், நிபந்தனையின்றிச் சம்மதித்ததாகவே அர்த்தம். ஆள் பற்றாக்குறை உள்ள அலுவலகத்தில் நாலு மாதம் சீக்கிரம் ஓடிவிடும்.

காலம் கடந்து கையை ஓங்கினால் என்ன ஆகும் என்பதைக் கேரளம் மரடில் பார்த்தது. அங்கே மீறப்பட்டது கடலோர விதி, கழிவுநீர் விதியல்ல. ஆனாலும் பாடம் ஒன்றே. 2019 மே மாதம் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நாலு வளாகங்கள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. வீட்டுக்கு 25 லட்ச ரூபாய் இடைக்கால நஷ்ட ஈட்டை முதலில் கேரள அரசு கொடுக்க வேண்டும், பிறகு பில்டர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. அதாவது முதலில் கைவிட்டது பொதுஜனத்தின் பணப்பையில்.

வேலந்தாவளத்துக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் பிளாச்சிமடை. அது குளிர்பானத் தொழிற்சாலை. 2000-ல் தொடங்கி, 2002 ஏப்ரல் முதல் நடந்த மக்கள் போராட்டத்தையும் பெருமாட்டிப் பஞ்சாயத்தின் எதிர்ப்பையும் சந்தித்து, 2004 மார்ச்சில் நின்றது. நிறுத்தியது வெற்றிதான். சேதம் 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010-ல் மதிப்பிட்டது. வசூலிக்கத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதா 2011-ல் சட்டசபையில் நிறைவேறியது. ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஆலை போன பிறகு கணக்குப் போட்டால் கணக்குத்தான் மிஞ்சுகிறது.

ஆகவே டில்லித் தீர்ப்பில் பாலக்காட்டுக்கு முக்கியமானது நஷ்ட ஈடு என்ற சொல்லைக் காட்டிலும் முன்கூட்டிய பாங்க் உத்தரவாதம் என்ற சொல்லே என்பது என் எண்ணம். சம்மதம் கொடுக்கும் நாளிலேயே பில்டரிடம் ஒரு தொகை கட்டிப்போடப்பட்டிருக்க வேண்டும்; சுத்திகரிப்பு நிலையம் சில ஆண்டுகள் ஒழுங்காக ஓடியதை வாரியம் பார்த்த பிறகே அது விடுபட வேண்டும். அதற்கு முன் ஒரு வீடும் கைமாறக் கூடாது. வீட்டு விலை ஏறிவிடும் என்பார்கள். கொஞ்சம் ஏறும்தான். இப்போதோ அந்த வித்தியாசத்தைச் செலுத்துவது கீழ்ப்புறத்தில் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பவர்.

இதற்கு எதிர்த் திசையிலும் காற்று வீசுகிறது. 2024 பிப்ரவரியில் பார்லிமெண்ட் நிறைவேற்றிய திருத்தம், கழிவை விட்டதற்கான சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று வைத்தது. முதலில் இமாசலப் பிரதேசம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்களுக்கு. மற்ற மாநிலங்கள் சட்டசபைத் தீர்மானத்தின் மூலம் ஏற்கலாம். பல கோடி ரூபாய் வளாகத்துக்குப் பதினைந்து லட்சம் என்பது வர்ணப் பூச்சுச் செலவு.

எல்லை ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று பாக்கி. வேலந்தாவளம் பக்கத்து நீர்வழிகள் மேற்கே ஓடிப் பாரதப்புழையில் சேர்கின்றன. கோவை மாவட்டப் பக்கம் உள்ள வளாகம் கழிவை விட்டால், பாதிக்கப்படும் கிணறு கேரளத்தில். நடவடிக்கை எடுக்க வேண்டிய வாரியம் தமிழ்நாட்டில். கேரள வாரியத்தின் பாலக்காடு அலுவலகத்துக்கு மட்டும் மனுப் போட்டால், எல்லைக்கு அப்பால் எங்களுக்கு அதிகாரமில்லை என்று பதில் வரலாம். இரு மாநிலங்களும் ஒப்பந்தம் செய்து கூட்டு வாரியம் அமைக்கத் தண்ணீர்ச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு இடம் தருகிறது. பறம்பிக்குளம்-ஆழியாற்றில் எவ்வளவு தண்ணீர் என்று பல பத்தாண்டுகளாக வாதாடும் இரு அரசுகளும், அந்தத் தண்ணீர் எவ்வளவு சுத்தம் என்று பேச உட்காரக் கூடாதா?

பாதிக்கப்பட்டவர் இப்போதே செய்யக்கூடியது இது. கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ப் பரிசோதித்தால் சந்தேகம் தெளியும், ஆனால் தண்ணீர்ச் சட்ட வழக்கில் அது சாட்சியாக நிற்காது. வாரிய அதிகாரியே நோட்டீஸ் கொடுத்து, மாதிரி எடுத்து, இரு பாகமாக்கி முத்திரை வைக்க வேண்டும். அதைச் செய்யச் சொல்லி எழுத்தில் மனுக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். வாரியம் அசையாவிட்டால், 60 நாள் நோட்டீஸ் கொடுத்துத் தனிமனிதரே மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் புகார் செய்ய 49-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. நஷ்ட ஈட்டுக்குச் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை ஐந்து ஆண்டுக்குள் அணுகலாம். மனுவில் குடியிருப்போர் சங்கத்தின் பெயரோடு நிறுத்திவிடாமல், கட்டிய கம்பெனியின் பெயரையும், சம்மதம் வாங்கிய தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.